குதிகாலில் பிறந்த கருவி

பக்கவாதம் வந்து தேறியவர்கள் சிலர் நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். காலைத் தூக்கினால் பாதம் துவண்டு தொங்கும், பெருவிரல் தரையில் உரசும். தடுக்கி விழாமலிருக்க இடுப்பை உயர்த்தி, காலை அரைவட்டமாக வீசித்தான் அடுத்த அடி வைப்பார்கள். இந்தப் பாதத்தைத் தூக்கிவிட வழி தேடியபோதுதான், மின்சாரத்தால் மூட்டை இயக்கும் கருவி பிறந்தது.

மின்சாரம் பட்டால் தசை சுருங்கும் என்பது அதற்கு வெகுகாலம் முன்பே தெரியும். இத்தாலியின் போலோன்யா நகரில், செத்த தவளையின் கால் துடித்ததை ஆராய்ந்த லூயிஜி கால்வானி, 1791இல் அதை நூலாக வெளியிட்டார். 19ஆம் நூற்றாண்டில் பிரான்ஸின் துஷேன் என்ற மருத்துவர், தோலின்மேல் மின்முனைகளை வைத்து, எந்தத் தசை எந்த மூட்டை எப்படி அசைக்கிறது என்று ஒவ்வொன்றாகக் குறித்துவைத்தார். தசையைச் சுருக்கத் தெரிந்தது. ஆனால் நடக்கிறவரின் காலில் எந்த நொடியில் சுருக்க வேண்டும், எப்போது விட வேண்டும்?

அமெரிக்காவில் பணியாற்றிய மருத்துவர் விளாதிமிர் லிபர்சன் அந்தப் பொறுப்பைக் குதிகாலிடம் கொடுத்தார். அவரும் சகாக்களும் 1961இல் வெளியிட்ட ஏற்பாடு இதுதான்: செருப்பின் குதியில் ஒரு சுவிட்ச், உடம்போடு எடுத்துச்செல்லும் சிறு மின்தூண்டி, காலில் மின்முனைகள். குதிகால் தரையை விட்டு எழும்பியதும் மின்துடிப்புகள் பாயும். கணுக்கால் மடங்கிப் பாதம் மேலே வரும். குதிகால் ஊன்றியதும் துடிப்பு நின்றுவிடும்.

மின்முனை வைத்த இடத்திலும் நுட்பம் இருக்கிறது. முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கம் தடவினால் ஓர் எலும்பு முண்டு தட்டுப்படும். பாதத்தைத் தூக்கும் தசைகளுக்குப் போகும் நரம்பு அதைச் சுற்றி, தோலை ஒட்டி ஓடுகிறது. தசையை நேராகத் தூண்ட அதிக மின்சாரம் வேண்டும். நரம்புக்குச் சொற்பமே போதும். பக்கவாதத்தில் அடிபட்டது மூளை. காலின் நரம்பும் தசையும் உயிரோடுதான் இருக்கின்றன. அந்த நரம்பே அறுந்திருந்தால் இந்த வழி பலிக்காது.

கணுக்காலைத் தூக்குவது ஒரு திசை வேலை. மூட்டை விரும்பிய கோணத்தில் நிறுத்துவது கடினம். தசைக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. ஆகவே எதிரெதிர்த் தசைகள் இரண்டையும் அளவோடு தூண்ட வேண்டும். போதாக்குறைக்கு, மின்சாரத்தால் இயங்கும் தசை இயல்பைவிடச் சீக்கிரம் களைக்கும். அதே தூண்டலுக்கு மூட்டு அசைவது குறைந்துகொண்டே வரும். ஸ்லோவேனியாவின் லுப்லியானாவிலும் அமெரிக்காவின் கிளீவ்லாந்திலும் ஆய்வாளர்கள் பல்லாண்டுகள் இதோடு போராடினார்கள். கழுத்துத் தண்டுவடம் அடிபட்டவர்கள் பொருளைப் பிடித்து எடுக்க, உடலுக்குள் பொருத்தும் கருவி கிளீவ்லாந்தில் உருவானது. 1997இல் அமெரிக்க அரசு அதற்கு அனுமதி அளித்தது.

லிபர்சன் இன்னொன்றையும் கண்டார். கருவியோடு நடந்து பழகிய சிலரால், அதைக் கழற்றிய பிறகும் சற்று நேரம் தாங்களாகவே பாதத்தைத் தூக்க முடிந்தது. அதனால், பக்கவாதம் வந்த ஒருவரிடம் 'இனி இவ்வளவுதான்' என்று சொல்லும் முன், அந்த நரம்பு தூண்டலுக்கு மசிகிறதா என்று பார்த்துவிட வேண்டும்.