மயிர்மாற்று நடுகையின் வரலாறும் மொழியும்

ஓர் உண்மை கண்டறியப்பட்ட நாள் வேறு. அதனை உலகம் அறிந்த நாள் வேறு. சத்திரசிகிச்சையினால் தலைமயிரை இடமாற்றி நடும் கலையின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1939இல் யப்பானியத் தோல்நோய் மருத்துவர் ஷோஜி ஒகுடா, தீப்புண் முதலியவற்றால் மயிரிழந்த தலையிலும் புருவத்திலும், மயிருள்ள தோலை வட்டத் துளைகருவியாற் சிறு துண்டுகளாக எடுத்துப் பதித்து வெற்றி கண்டார். 1943இல் தமுரா என்பார், ஓரிரு மயிர்களே கொண்ட நுண்துண்டுகளை நட்டு, இயற்கைத் தோற்றத்தை மேலும் அணுகினார். இருவரும் தம் தாய்மொழியிலேயே எழுதினர். உலகப்போர் நிகழ்ந்த காலமாதலின், அவ்வெழுத்துகள் மேலைநாட்டாரை எட்டவில்லை.

1952இல் நியூயோர்க்கில் நோர்மன் ஓரென்ரைக் இம்முறையைப் பரம்பரை வழுக்கைக்குக் கையாண்டு, 1959இல் தம் ஆய்வை வெளியிட்டார். பின்தலையிலிருந்து பெயர்க்கப்பட்ட மயிர், முன்தலையில் நடப்பட்ட பின்னரும் தன் பழைய இயல்பையே காக்கும் என்பது அவர் நிறுவிய உண்மை. ஆயினும், அவர் நட்ட துண்டுகள் ஏறத்தாழ 4 மில்லிமீற்றர் அகலமுடையன. ஆதலின், நுதலோரத்து மயிர் பொம்மைத் தலையிற்போலக் கொத்துக்கொத்தாகத் தோன்றிற்று. இயற்கையில் மயிர் ஒன்று முதல் நான்கு வரையான சிறு தொகுதிகளாகவே முளைக்கிறது. 1990களில் அத்தொகுதிகளை நுணுக்குக்காட்டியின் துணையாற் பிரித்து, நுதலோரத்தில் ஒற்றைமயிர்களை நடும் முறை பரவிய பின்னரே அக்குறை நீங்கிற்று. தமுரா சென்ற வழியை அரைநூற்றாண்டின் பின் உலகம் மீண்டும் காணவேண்டியதாயிற்று. இடைக்காலத்தில் அக்கொத்துகளைச் சுமந்து வாழ்ந்தோர் பலர்.

இதனால், தாய்மொழியில் எழுதியதே பிழையெனக் கொள்ளலாமா? கொள்ளலாகாது. தம் மொழியிற் சிந்தித்தமையாலன்றோ அவர்கள் புதுவழி கண்டனர்! குறை, அவ்வறிவை மறுமொழிக்குக் கடத்துவார் இல்லாமையே.

யாழ்ப்பாணத்தில் மருத்துவர் கிறீன் 1867இல் ‘இரண வைத்தியம்’ என்னும் சத்திரசிகிச்சை நூலைத் தமிழில் வெளியிட்டார். மட்டக்களப்புத் தமிழகத்துக் காரைதீவிற் பிறந்து, விஞ்ஞானமும் தமிழும் ஒருங்கே கற்ற விபுலாநந்த அடிகள், 1936இல் சென்னையிற் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். கலைச்சொற் பட்டியல் வெறுஞ் சொற்குவியலன்று; இரு மொழிகளுக்கிடையே அறிவு போகவும் வரவும் அமைந்த பாதை அது.

இன்று கிழக்குப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் ஆங்கிலத்திற் கற்பிக்கப்படுகிறது. வாவிக்கரை நோயாளியோ தம் ஐயத்தைத் தமிழிற் கேட்கிறார். அவ்வினாவுக்குத் தெளிவான தமிழில் விடைகூறவும், இங்குக் கண்டதைப் பிறமொழியில் எடுத்துரைக்கவும் வல்லார் தோன்றும்போதே அடிகளார் தொடங்கிய பணி நிறைவுறும்.