குதிரைகள் சொல்லிக்கொடுத்த செக்பாயின்ட்

போன மே மாசம் நான் செஞ்ச ஒரு முட்டாள்தனத்தில் இருந்து இந்த எபிசோடை ஆரம்பிக்கிறேன். திருச்சியில் காவிரிக் கரையோரமா முக்கொம்பு வரைக்கும் ஓடிட்டுத் திரும்பலாம்னு கிளம்பினேன். வெயிலுக்குப் பயந்து வழி நெடுக தண்ணி குடிச்சேன். வெறும் தண்ணி. முடிக்கும்போது விரலெல்லாம் வீங்கி, தலை வலிச்சு, வாந்தி. கூட ஓடின பெரியப்பா பையன், அண்ணன், "தண்ணி பத்தலடா, இன்னும் குடி"ன்னார். நானும் அதையேதான் நினைச்சேன். அது சரியான்னு தேடப் போய்த்தான் கலிஃபோர்னியாவில் ஒரு ஆற்றுப் பள்ளத்தாக்கில் நடந்த இந்தக் கதை கிடைச்சது.

ஆற்றோட பேர் அமெரிக்கன் ரிவர். சியரா நெவாடா மலையில் இருந்து இறங்கி வர்ற ஆறு. 1955ல் ஆபர்ன் என்கிற ஊரைச் சேர்ந்த வெண்டல் ரோபி, டாஹோ ஏரிப் பக்கம் கிளம்பி, இந்த ஆற்றோட பள்ளத்தாக்குகளில் ஏறி இறங்கி, ஆபர்ன் வரைக்கும் ஏறக்குறைய 100 மைல், சில நண்பர்களோட ஒரே நாளில் குதிரையில் வந்து சேர்ந்தார். அது வருஷா வருஷம் நடக்கிற பந்தயமாச்சு. டெவிஸ் கப்னு பேர். 24 மணி நேரத்துக்குள்ள முடிச்சா ஒரு வெள்ளி பக்கிள்.

1973ல் கார்டி ஐன்ஸ்லி என்கிறவரோட குதிரை பாதி வழிக்கும் முன்னாடியே நொண்டிப் போச்சு. அடுத்த வருஷம் அவர் குதிரையே இல்லாம வந்தார். ஓடியே வந்தார். 1974 ஆகஸ்ட், வெயில் 40 டிகிரிக்கு மேல. 23 மணி 42 நிமிஷத்தில் ஆபர்ன். அல்ட்ரா ஓடுற யாரைக் கேட்டாலும் இந்தக் கதையைச் சொல்வாங்க.

ஆனா முதல்ல கால்நடையா வந்தவர் அவர் இல்லை. 1972லேயே கான்சாஸ் ஃபோர்ட் ரைலியில் இருந்து 20 ராணுவ வீரர்கள் இதே பாதையில் இறங்கினாங்க. 7 பேர் முடிச்சாங்க, 44 மணி நேரத்துக்கு மேல எடுத்துக்கிட்டு. அவங்க பேர் யாருக்கும் ஞாபகம் இல்லை. தனி ஆள் கதைக்குத்தான் நமக்குக் காது நீளும், என்ன பண்றது.

எனக்கு ஐன்ஸ்லியை விட சுவாரசியமா பட்டது வேற விஷயம். குதிரைப் பந்தயத்தில் வழியில் அங்கங்கே கால்நடை மருத்துவர்கள் நிப்பாங்க. குதிரை வந்ததும் நாடி பார்ப்பாங்க. குறிப்பிட்ட அளவுக்கு இறங்கலைன்னா நகர விடமாட்டாங்க. தோலைக் கிள்ளி விட்டு எவ்வளவு சீக்கிரம் பழையபடி படியுதுன்னு பார்ப்பாங்க. உடம்பில் நீர் குறைஞ்சா மெதுவாத்தான் படியும். ஈறை அழுத்தி ரத்தம் திரும்புதான்னு பார்ப்பாங்க, வயித்தில் ஸ்டெதஸ்கோப் வச்சுக் கேட்பாங்க, கொஞ்ச தூரம் ஓடவிட்டு நொண்டுதான்னு பார்ப்பாங்க. இதில் ஃபெயிலானா, மேல உட்கார்ந்திருக்கிறவர் எவ்வளவு கெஞ்சினாலும் பந்தயம் அங்கேயே முடிஞ்சுது. நான் சர்வர் பார்க்கிற ஆள். ஹெல்த் செக் இல்லாத சர்வரை யாரும் லைவ்ல விடமாட்டோம். ஆனா மாரத்தான் உலகத்தில் அன்னைக்கு இப்படி ஒண்ணு கிடையாது. குதிரையால "எனக்கு ஒண்ணும் இல்லை"ன்னு பொய் சொல்ல முடியாது, மனுஷன் சொல்வான்.

1977ல் குதிரைப் பந்தயத்தோடயே மனுஷங்களுக்கும் முதல் அதிகாரபூர்வ ஓட்டம் நடந்தது. 14 பேர். அந்தக் கால்நடைப் பரிசோதனை இடங்களிலேயே டாக்டர் ராபர்ட் லிண்ட் இவங்களைப் பரிசோதிச்சார். 11 பேர் முடிக்கலை. 24 மணி நேரத்துக்குள்ள வந்தவர் ஆண்டி கொன்சாலஸ் ஒருத்தர்தான், 22 மணி 57 நிமிஷம். மத்த ரெண்டு பேர் சேர்ந்தே 28 மணி 36 நிமிஷத்தில் வந்தாங்க. அதுக்கப்புறம்தான் 30 மணி நேர வரம்பே வந்தது. அந்த ரெண்டு பேரில் ஒருத்தர் ரால்ஃப் பாஃபென்பார்கர். உடல் உழைப்புக்கும் மாரடைப்புக்கும் உள்ள தொடர்பை சான் பிரான்சிஸ்கோ துறைமுகத் தொழிலாளிகளையும் ஹார்வர்டு பழைய மாணவர்களையும் வச்சு ஆராய்ஞ்சவர். 50 வயசைத் தாண்டிய தன் உடம்பையும் சோதனைக்கு விட்டிருக்கார்!

மறு வருஷம் ஓட்டம் தனியா பிரிஞ்சது, பரிசோதனைப் பழக்கம் கூடவே வந்தது. அதில் முக்கியமானது தராசு. ரொம்ப வருஷம் வழியில் நிறுத்தி எடை பார்த்தாங்க. எடை குறைஞ்சா உடம்பில் நீர் குறையுதுன்னு அர்த்தம். ரொம்பக் குறைஞ்சா ஓடக்கூடாது. குதிரைக்குப் பார்த்த அதே பயம், வறட்சி.

சிக்கல் இங்கேதான். தராசு ரெண்டு பக்கமும் நகரும். 1985ல் தென்னாப்பிரிக்காவில் டிம் நோக்ஸும் கூட இருந்தவர்களும், நீண்ட தூரப் போட்டிகளில் தண்ணி அதிகமாகி விழுந்த நாலு பேரைப் பத்தி எழுதினாங்க. மணிக்கணக்கா ஓடும்போது, சிறுநீரைக் குறைச்சு நீரைப் பிடிச்சு வைக்கிற ஹார்மோன் சிலருக்கு இறங்காது. அப்போ தாகத்துக்கு மேல குடிச்சா ரத்தத்தில் சோடியம் நீர்த்துப் போகும், மூளை வீங்கும். விரல் வீக்கம், தலைவலி, வாந்தி இதெல்லாம் அதோட ஆரம்பமா இருக்கலாம். வறட்சி மாதிரியே தெரியும், அதனால இன்னும் தண்ணி கொடுப்பாங்க. உடனே ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும்.

இத்தனைக்கும் 1996ல் அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி, வியர்வையில் போன அளவையோ, உடம்பு தாங்குற உச்ச அளவையோ குடிக்கச் சொல்லிச்சு. 2002 பாஸ்டன் மாரத்தானில் ஒரு பெண் இதே சோடியம் குறைவால் இறந்துபோனாங்க. அதே ஓட்டத்தில் 488 பேரோட ரத்தத்தைப் பார்த்த ஆய்வு 2005ல் வந்தது. 13 சதவீதம் பேருக்கு சோடியம் குறைஞ்சிருந்தது. ஓடும்போது எடை கூடினவங்களுக்குத்தான் அபாயம் ரொம்ப அதிகம். இறந்த அந்தப் பெண்ணுக்கு வயசு 28. எனக்கும் இப்போ 28.

அதனால இப்போ ஓடுறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் வீட்டுத் தராசில் ஏறுறேன். போன ஞாயித்துக்கிழமை எனக்கு 900 கிராம் குறைஞ்சிருந்தது. அண்ணன் சிரிச்சுக்கிட்டே ஏறினார். அவருக்கு அரை கிலோ கூடியிருந்தது. கையில் இருந்த பாட்டிலைக் கீழ வச்சிட்டார்.