சொகுசுக் கார் அறிமுக விழா: துணியை விலக்கியதும் பார்க்கவேண்டிய கணக்கு

மாலை 7 மணி. காட்சிக்கூடத்தின் நடுவே கறுப்புத் துணி போர்த்திய கார். சுற்றிலும் கைத்தொலைபேசியைத் தூக்கிப் பிடித்த விருந்தினர்கள். விளக்குகள் அணைகின்றன, இசை உயர்கிறது, பத்திலிருந்து எண்ணத் தொடங்குகிறார்கள். துணி விலகுகிறது. கைதட்டல்.

செய்திப் பணிக்காக இப்படிப்பட்ட சில விழாக்களுக்குச் சென்றிருக்கிறோம். ஒவ்வொரு முறையும் ஒன்றைக் கவனித்தோம். காரின் பக்கத்தில் வைத்திருக்கும் அட்டையில் குதிரைசக்தி இருக்கும், வேகம் இருக்கும், தோலின் நிறம்கூட இருக்கும். விலை மட்டும் இருக்காது. இருந்தாலும் "சிஓஇ தவிர்த்து" என்று சிறிய எழுத்தில் இருக்கும்.

அந்தச் சிறிய எழுத்துக்குப் பின்னால் இருக்கும் கணக்கு கோடீஸ்வரர்களுக்கு மட்டும் உரியதல்ல. சிங்கப்பூரில் சாதாரணக் குடும்பக் கார் வாங்க நினைப்பவரையும் அது தொடுகிறது. எப்படி?

விழாவில் உண்மையில் என்ன நடக்கும்?

வெளிநாட்டில் ஏற்கெனவே அறிமுகமான காரை இங்குள்ள முகவர் உள்ளூர் வாடிக்கையாளர்களுக்குக் காட்டுவதுதான் பெரும்பாலான விழாக்களின் நோக்கம். அழைப்பு முதலில் போவது அதே நிறுவனத்தின் காரை ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கு. அடுத்து செய்தியாளர்கள், சமூக ஊடகப் பிரபலங்கள்.

செய்தியாளர்களுக்கு விவரத் தொகுப்பு முன்கூட்டியே வந்துவிடும். ஆனால் குறிப்பிட்ட நேரத்துக்கு முன் வெளியிடக்கூடாது என்ற நிபந்தனையும் கூடவே வரும். எல்லாத் தளங்களிலும் ஒரே நிமிடத்தில் ஒரே படம் வருவது அதனால்தான்.

மேடையில் இருக்கும் கார் சில நேரம் இடப்பக்கம் ஸ்டியரிங் உள்ளதாக இருக்கும். அது காட்சிக்காக மட்டும் கொண்டுவரப்பட்டது. இங்கே விற்கப்படும் கார் வலப்பக்க ஸ்டியரிங்குடன், இங்குள்ள பாதுகாப்பு, புகை வெளியேற்ற விதிகளுக்கு உட்பட்டு, பதிவுக்கு ஒப்புதல் பெற்ற பிறகே சாலைக்கு வரும். "இன்றைக்கே எடுத்துட்டுப் போகலாமா?" என்று கேட்டால் சிரிப்பார்கள். பல மாதக் காத்திருப்பு இந்த வட்டாரத்தில் சாதாரணம்.

அழைப்பு இல்லாதவர்களும் புதிய கார்களைப் பார்க்க வழி இருக்கிறது. ஆண்டுத் தொடக்கத்தில் சன்டெக் சிட்டியில் நடக்கும் சிங்கப்பூர் மோட்டார் கண்காட்சிக்கு நுழைவுச்சீட்டு வாங்கிப் போகலாம்.

மேடையில் சொல்லும் எண்களுக்கு என்ன பொருள்?

மூன்று எண்கள் கட்டாயம் காதில் விழும்.

முதலாவது குதிரைசக்தி. இயந்திரத்தின் மொத்த ஆற்றல் அது. 2023இல் அறிமுகமான லம்போர்கினி ரெவுவெல்டோவில் 12 சிலிண்டர் பெட்ரோல் இயந்திரத்தோடு மூன்று மின்மோட்டார்களும் சேர்ந்து 1,015 குதிரைசக்தி தருகின்றன. 2022இல் வந்த ஃபெராரி புரோசாங்குவே, அந்த நிறுவனத்தின் முதல் நான்கு கதவுக் கார். அதற்கு 725 குதிரைசக்தி.

இரண்டாவது டார்க், அதாவது சக்கரத்தைச் சுழற்றும் விசை. மின்மோட்டாரில் இது கால் வைத்த உடனேயே கிடைக்கும். பெட்ரோல் இயந்திரம் வேகமெடுக்கக் கொஞ்சம் நேரம் வேண்டும். பந்தயக் கார் தயாரிப்பாளர்களும் இப்போது மின்மோட்டாரைச் சேர்ப்பதற்கு அது ஒரு காரணம். புகை வெளியேற்ற விதிகள் கடுமையாகி வருவது மற்றொரு காரணம். ரோல்ஸ் ராய்ஸ் 2022இல் 'ஸ்பெக்டர்' என்ற முழு மின்சாரக் காரையே அறிமுகப்படுத்தியது.

மூன்றாவது, நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட ஆகும் நேரம். ஏறக்குறைய 2.9 விநாடி என்றால், உங்கள் உடல் எடைக்குக் கிட்டத்தட்ட சமமான விசை உங்களை இருக்கையோடு அழுத்துகிறது என்று பொருள்.

சரி, அந்த 100ஐ இங்கே எங்கே தொடுவது? சிங்கப்பூர் விரைவுச்சாலைகளில் உச்ச வேக வரம்பே மணிக்கு 90 கிலோமீட்டர்தான். நிரந்தரப் பந்தயத் தடமும் இங்கு இல்லை. 2008 முதல் நடக்கும் எஃப்1 இரவுப் பந்தயம் நகரச் சாலைகளைத் தற்காலிகமாக மூடி நடத்தப்படுவது. காரை முழு வேகத்தில் ஓட்ட விரும்புபவர்கள் எல்லை தாண்டி மலேசியாவின் சிப்பாங் பந்தயத் தடத்துக்குத்தான் போகவேண்டும்.

அட்டையில் இல்லாத அந்த விலை எப்படி உருவாகிறது?

காரின் பொதுச் சந்தை மதிப்பில் கணக்கு தொடங்குகிறது. சுருக்கமாக ஓஎம்வி. கார் சிங்கப்பூர் வந்து சேர ஆகும் கொள்முதல் விலை, கப்பல் கட்டணம், காப்புறுதி எல்லாம் அதில் அடங்கும். சுங்கத் துறை அதை மதிப்பிடுகிறது. அதன் மேல்தான் மற்றவை ஏறும்.

ஓஎம்வி 300,000 வெள்ளி உள்ள ஒரு சொகுசுக் காரை எடுத்துக்கொள்வோம். 2024இல் நடப்பிலிருந்த விகிதங்களின்படி கணக்கு இப்படி வரும்:

- பொதுச் சந்தை மதிப்பு: 300,000 வெள்ளி
- தீர்வை, 20 விழுக்காடு: 60,000 வெள்ளி
- பொருள் சேவை வரி, 9 விழுக்காடு: 32,400 வெள்ளி
- கூடுதல் பதிவுக் கட்டணம்: 840,000 வெள்ளி
- பதிவுக் கட்டணம்: 350 வெள்ளி
- சிஓஇ, 120,000 வெள்ளி என்று வைத்துக்கொண்டால்: 120,000 வெள்ளி

மொத்தம் 1,352,750 வெள்ளி. இதில் முகவரின் லாபம் இன்னும் சேரவில்லை. வாடிக்கையாளர் தேர்ந்தெடுக்கும் சிறப்பு வண்ணம், கார்பன் ஃபைபர் பாகங்கள், புகை அதிகம் வெளியிடும் கார்களுக்கான கூடுதல் கட்டணம் எதுவுமே சேரவில்லை.

840,000 வெள்ளி எங்கிருந்து வந்தது?

கூடுதல் பதிவுக் கட்டணம் படிப்படியாக ஏறும் வரி. முதல் 20,000 வெள்ளி மதிப்புக்கு 100 விழுக்காடு. அடுத்த 20,000க்கு 140, அதற்கடுத்த 20,000க்கு 190, பின்னர் 20,000க்கு 250. 80,000 வெள்ளியைத் தாண்டிய ஒவ்வொரு வெள்ளிக்கும் 320 விழுக்காடு. 2023 வரவுசெலவுத் திட்டத்தில் வந்த விகிதங்கள் இவை.

2021இல் உச்ச விகிதம் 180 விழுக்காடாக இருந்தது. அப்போது இதே காருக்குக் கட்டணம் 512,000 வெள்ளி. இரண்டே ஆண்டில் ஏற்பட்ட வித்தியாசம் 328,000 வெள்ளி. வசதி உள்ளவர்கள் கூடுதலாகப் பங்களிக்கவேண்டும் என்பது அரசாங்கம் சொன்ன காரணம்.

பழைய காரைக் கொடுத்தால் பணம் திரும்ப வருமா?

பத்தாண்டுக்குள் காரின் பதிவை நீக்கினால், கட்டிய கூடுதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு பகுதி கழிவாகக் கிடைப்பது பழைய வழக்கம். முன்பு பத்தாம் ஆண்டில் நீக்கினாலும் பாதி திரும்ப வந்தது. நாம் பார்த்த காருக்கு அது 420,000 வெள்ளியாக இருந்திருக்கும்.

2023இல் இந்தக் கழிவுக்கு 60,000 வெள்ளி உச்சவரம்பு வந்தது. குடும்பக் கார் வாங்கியவர்களில் பலருக்கு அந்த வரம்பால் பாதிப்பே இல்லை. சொகுசுக் கார் வாங்கியவருக்கு அது பெரிய அடி. "வாங்கி ஓட்டிவிட்டு விற்றால் பாதிப் பணம் வந்துடும்" என்று யாராவது காட்சிக்கூடத்தில் சொன்னால், எந்த ஆண்டு விதிப்படி என்று கேளுங்கள். விதிகள் மாறக்கூடியவை. நிலப் போக்குவரத்து ஆணையத்தின் இணையத்தளத்தில் நடப்பு விகிதத்தைச் சரிபார்ப்பது நல்லது.

சிஓஇ இதில் எங்கே வருகிறது?

சிஓஇ எனும் வாகன உரிமைச் சான்றிதழ் 1990ஆம் ஆண்டிலிருந்து நடப்பில் உள்ளது. ஒரு சான்றிதழ் பத்தாண்டு செல்லும். மாதத்துக்கு இரண்டு முறை ஏலம். 2018 பிப்ரவரி முதல் கார்களின் எண்ணிக்கை வளர்ச்சி பூஜ்ய விழுக்காடாக வைக்கப்பட்டுள்ளது. ஆகவே புதிய சான்றிதழ்கள் பெரும்பாலும் பழைய கார்கள் சாலையைவிட்டு நீங்குவதைப் பொறுத்தே கிடைக்கின்றன.

ஆற்றல்மிக்க பெரிய கார்களுக்கு 'பி' பிரிவு. 2023 அக்டோபரில் அந்தப் பிரிவின் கட்டணம் 150,001 வெள்ளியைத் தொட்டது. அதே ஏலத்தில், மோட்டார்சைக்கிள் தவிர மற்ற எல்லா வாகனங்களுக்கும் பயன்படுத்தக்கூடிய பொதுப் பிரிவு 158,004 வெள்ளி. சிறிய கார்களுக்கான 'ஏ' பிரிவும் 106,000 வெள்ளிக்கு ஏறியது.

யாருக்கு வலிக்கிறது?

இப்போது ஓஎம்வி 20,000 வெள்ளி உள்ள குடும்பக் காரைப் பார்ப்போம். தீர்வை 4,000, பொருள் சேவை வரி 2,160, கூடுதல் பதிவுக் கட்டணம் 20,000, பதிவுக் கட்டணம் 350. எல்லாம் சேர்த்து 46,510 வெள்ளி. சிஓஇ 100,000 வெள்ளி என்றால் மொத்தம் 146,510.

குடும்பக் காரின் விலையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் சிஓஇ. சொகுசுக் காரில் அது பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

சிஓஇ 20,000 வெள்ளி ஏறினால் குடும்பக் காரின் விலை ஏறக்குறைய 14 விழுக்காடு கூடும். சொகுசுக் காரின் விலை 1.5 விழுக்காடுதான் கூடும். கூடுதல் பதிவுக் கட்டணம் வசதிக்கேற்ப ஏறுகிறது. சிஓஇ அப்படி ஆளைப் பார்த்து ஏறுவதில்லை.

ஒரு விழா முடிந்து வெளியே வந்தபோது, விருந்தினர்களின் கார்களை நிறுத்தி எடுத்துக் கொடுக்கும் தமிழ் அண்ணன் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தோம்.

"இந்த மாதிரி கார் எல்லாம் ஓட்டியிருக்கீங்களாண்ணே?"

"தினமும் ஓட்டுறேன். இங்கேருந்து அந்தத் தூண் வரைக்கும்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அவரிடமும் ஒரு சிறிய கார் இருந்ததாம். பத்தாண்டு முடிந்ததும் சான்றிதழைப் புதுப்பிக்கக் கணக்குப் போட்டுப் பார்த்து விட்டுவிட்டார். அம்மாவை மருத்துவமனைக்குக் கூட்டிப்போக இப்போது தனியார் வாடகைக் கார்தான். "மழை வந்தா அதுவும் டபுள் விலை காட்டுது" என்றார்.

அப்படியானால் சிஓஇ வேண்டாம் என்று சொல்லலாமா? அவ்வளவு எளிதல்ல. நிலம் குறைந்த தீவில் எண்ணிக்கைக்கு வரம்பு இல்லாவிட்டால் எல்லாரும் நெரிசலில் நிற்கவேண்டியிருக்கும், பேருந்தில் போகிறவரும் சேர்த்து. ஏலம் அந்த எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துகிறது. ஆனால் யாருக்குக் கார் கூடுதல் தேவை என்று அது கேட்பதில்லை. குழந்தை உள்ள குடும்பத்துக்கோ உடற்குறை உள்ளவருக்கோ முன்னுரிமை தரமுடியுமா என்ற கேள்வி நாடாளுமன்றத்திலும் வெளியிலும் மீண்டும் மீண்டும் எழுவது இதனால்தான்.

விழாவில் மனம் கவர்ந்துவிட்டது. கையெழுத்துப் போடலாமா?

இசை, விளக்கு, கையில் பானம். முடிவெடுக்க ஏற்ற இடம் அதுவல்ல. சொகுசுக் காரோ சாதாரணக் காரோ, முன்பணம் கட்டுமுன் இவற்றைக் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்:

- சொல்லப்படும் விலையில் சிஓஇ உண்டா? எந்தத் தொகை வரை?
- சிஓஇ கிடைப்பது உறுதியா, இல்லை குறிப்பிட்ட எண்ணிக்கையில் ஏலம் கேட்டுப் பார்ப்பார்களா?
- ஏலத்தில் கிடைக்காவிட்டால் முன்பணம் முழுதும் திரும்புமா?
- கார் வந்து சேர என்ன காலக்கெடு? தாமதமானால் என்ன செய்வார்கள்?
- காட்சியில் பார்த்த எந்தெந்த அம்சம் அடிப்படை விலையில் இல்லை?

கடன் வாங்குவதாக இருந்தால், ஓஎம்வி 20,000 வெள்ளியைத் தாண்டிய காருக்கு விலையில் 60 விழுக்காடு வரைதான் கடன் கிடைக்கும். மற்ற கார்களுக்கு 70 விழுக்காடு. ஏழு ஆண்டுக்குள் கட்டி முடிக்கவேண்டும். நாம் கணக்கிட்ட சொகுசுக் காருக்குக் கையில் குறைந்தது 541,100 வெள்ளி ரொக்கம் வேண்டும்.

வாங்கிய பிறகும் செலவு தொடரும். 4,000 சிசி பெட்ரோல் காருக்குச் சாலை வரி மட்டுமே ஆண்டுக்குச் சுமார் 3,950 வெள்ளி. காப்புறுதி, டயர், பராமரிப்பு எல்லாம் தனி.

முகவரோடு பிரச்சினை ஏற்பட்டுப் பேசித் தீர்க்க முடியாவிட்டால், சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம்.

விழாவுக்குப் போவதில் தவறில்லை. நல்ல பொறியியலைப் பக்கத்தில் நின்று பார்ப்பது மகிழ்ச்சிதான். படம் எடுங்கள், கதவைத் திறந்து பாருங்கள், கேள்வி கேளுங்கள். பேனாவை மட்டும் மறுநாள் காலையில் எடுங்கள், பக்கத்தில் ஒரு கணிப்பானோடு.