ஸ்கர்வி: மருந்து கையில் இருந்தும் மாலுமிகள் செத்தது ஏன்?

ஈறு வீங்கி ரத்தம் கசியும். பல் ஆடும். எப்போதோ ஆறிப்போன தழும்புகூட மறுபடி புண்ணாகும். கடைசியில் மரணம். இதுதான் ஸ்கர்வி. 1740-ல் ஜார்ஜ் ஆன்சன் தலைமையில் சுமார் 1,900 பேருடன் ஒரு பிரிட்டிஷ் கடற்படை கிளம்பியது. அதில் 1,300-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எதிரியின் குண்டுக்குப் பலியானவர்கள் வெகு சிலர்தான். மற்றவர்களைக் கொன்றது நோய், அதிலும் முக்கியமாக ஸ்கர்வி.

இதுக்கு மருந்தே தெரியாதானு கேட்கிறீங்களா? தெரியும்! 1601-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் முதல் பயணத்திலேயே, கேப்டன் ஜேம்ஸ் லங்காஸ்டர் தன் கப்பல் ஆட்களுக்கு தினமும் காலையில் லெமன் ஜூஸ் கொடுத்தார். அவர்கள் தெம்பாக இருந்தார்கள். கூட வந்த மற்ற மூன்று கப்பல்களில் ஆட்கள் துவண்டு விழுந்தார்கள். ஆனாலும் அது வழக்கமாகவில்லை.

12 பேர், 6 மருந்து

1747-ல் கப்பல் மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட் ஒரு சோதனை செய்தார். ஸ்கர்வி வந்த 12 பேரை இரண்டிரண்டு பேராகப் பிரித்தார். ஒரு ஜோடிக்கு வினிகர், இன்னொரு ஜோடிக்குக் கடல்நீர் என ஆளுக்கொரு வைத்தியம். ஒரு ஜோடிக்கு மட்டும் தினமும் 2 ஆரஞ்சு, 1 லெமன். ஆறே நாளில் பழம் தீர்ந்துபோனது. அதற்குள் அவர்களில் ஒருவர் வேலைக்குத் திரும்பும் அளவுக்குத் தேறிவிட்டார்!

1753-ல் லிண்ட் இதைப் புத்தகமாக எழுதினார். பழம் கெட்டுப்போகாமல் இருக்க, சாற்றைச் சூடாக்கிச் சுண்டவைத்து எடுத்துப் போகலாம் என்றும் அதில் சொன்னார். சிக்கலே அங்கேதான். சூட்டில் வைட்டமின் சி பெரும்பாலும் அழிந்துவிடும். கடற்படை லெமன் ஜூஸை முறையாக வழங்க ஆரம்பித்தது 1795-ல்தான். அதன்பின் ஸ்கர்வி மளமளவெனக் குறைந்தது.

மறுபடியும் வந்தது!

1860-களில் லெமனுக்குப் பதிலாக மேற்கிந்தியத் தீவுகளின் லைம் வந்தது. லைம் என்றால் நம்ம ஊர் சின்ன எலுமிச்சைதான். லெமனைவிட இதில் வைட்டமின் சி குறைவு. சாற்றை நாள்கணக்கில் சேமித்துவைத்ததில் இருந்ததும் குறைந்துபோனது. 1875-ல் ஆர்க்டிக் போன பிரிட்டிஷ் குழுவை ஸ்கர்வி மறுபடி தாக்கியது. 'அப்போ பழம் மருந்தே இல்லை, கெட்டுப்போன டின் இறைச்சிதான் காரணம்' என்று சில மருத்துவர்களே நம்ப ஆரம்பித்தார்கள்.

பழம் குணப்படுத்துகிறது என்று தெரிந்ததே தவிர, பழத்தில் இருக்கும் எது குணப்படுத்துகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. அதனால்தான் இத்தனை குழப்பம். 1930-களில் வைட்டமின் சி பிரித்தறியப்பட்ட பிறகே விடை கிடைத்தது. அந்த ஆய்வுகளுக்காக ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜி 1937-ல் நோபல் பரிசு பெற்றார்.

நம் உடம்பு வைட்டமின் சி-யைத் தானாகத் தயாரிக்காது. காய், பழம் பக்கமே போகாமல் சில மாதங்கள் ஓட்டினால், கடலுக்கே போகாத உங்களுக்கும் ஸ்கர்வி வரலாம். தினமும் ஒரு கொய்யாவோ நெல்லிக்காயோ போதும். எலுமிச்சை சாதம் செய்றீங்களா? அடுப்பை அணைச்ச பிறகு சாறு பிழியுங்க!