தலைமன்னார் இறங்குதுறை: வந்தவர்களும் அனுப்பப்பட்டவர்களும்

தலைமன்னார் என்றதும் நம்மவர் பலருக்கு நினைவு வருவது 'போட் மெயில்' பயணந்தான். சென்னை எழும்பூரில் வாங்கிய ஒரே பயணச்சீட்டுடன் தனுஷ்கோடி வரை புகையிரதம், ஏறத்தாழ 22 மைல் கடலுக்குக் கப்பல், தலைமன்னாரிலிருந்து கொழும்புக்கு மீண்டும் புகையிரதம். 1914ஆம் ஆண்டு தொடங்கிய இச்சேவையைப் பற்றி இனிய நினைவுக் குறிப்புகள் ஏராளம். அவற்றை எழுதியோர் பெரும்பாலும் விரும்பிப் பயணம் செய்தவர்கள் என்பதை நாம் கவனிப்பதில்லை.

மன்னார்த் தீவின் மேற்கு முனையிலிருந்த இந்தச் சிறு மீனவக் கிராமம் புகையிரதமும் கப்பலும் சந்திக்கும் துறையாக மாறியதற்கு, மலையகத் தோட்டங்களின் ஆட்தேவை ஒரு முக்கிய காரணம். அதற்கு முந்திய தலைமுறையினர் வள்ளங்களில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்தவர்கள். வாந்திபேதிக்கும் பசிக்கும் வழியிலேயே மாண்டோர் பலர். புதிய பாதை அந்த நடையை ஒழித்தது, உண்மையே. ஆனால் கப்பலேறுமுன் தொழிலாளர்கள் மண்டபம் முகாமில் தடுத்துவைக்கப்பட்டுப் பரிசோதிக்கப்பட்டனர். இந்திய மண்ணில் இலங்கை அரசு நடத்திய முகாம் அது.

1964 இத்துறையின் வரலாற்றில் கொடிய ஆண்டு. ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் கணக்கு 1974இல் சரிபாதியாகத் தீர்க்கப்பட்டது. கணக்கு என்றே சொல்ல வேண்டும். சம்பந்தப்பட்ட மக்களை எவரும் கலந்தாலோசிக்கவில்லை. அதே 1964 டிசம்பர் 22ஆம் திகதி இரவு வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து சென்ற புகையிரதம் நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளுடன் கடலில் மூழ்கியது. பின்னர் கப்பல் இராமேஸ்வரத்திலிருந்து ஓடியது.

அந்த 'இராமானுஜம்' கப்பலில்தான் மலையக மக்கள் கூட்டங்கூட்டமாக அனுப்பப்பட்டனர். ஒரே குடும்பத்தில் சிலர் இந்தியப் பிரசைகள், சிலர் இலங்கைப் பிரசைகள். மலைநாட்டு நிலையங்களில் உறவினர் கதறி வழியனுப்பிய அந்தப் புகையிரதத்துக்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்ற பெயர் வழங்கியது. அக்கரை சேர்ந்ததும் அவர்கள் தங்கவைக்கப்பட்டது எங்கே? பாட்டன் பூட்டன் காத்திருந்த அதே மண்டபத்தில்!

1984இல் கப்பல் நின்றது. இக்கரைக்கும் அக்கரைக்கும் இடையிலான போக்குவரத்து நின்றதா என்றால், இல்லை. போருக்குத் தப்பிய தமிழர் பேசாலை, தலைமன்னார்க் கரைகளிலிருந்து மீன்பிடிப் படகுகளில் இரவோடிரவாகப் புறப்பட்டனர். பயணச்சீட்டும் இல்லை, கடவுச்சீட்டும் இல்லை. பலரை ஏற்றுக்கொண்டதும் மண்டபம் முகாமே. 1990இல் புகையிரதப் பாதையும் செயலிழந்தது.

மதவாச்சியிலிருந்து 106 கிலோமீற்றர் நீளமான அப்பாதை இந்தியக் கடனுதவியுடன் மீளமைக்கப்பட்டது. 2015 மார்ச் 14இல் தலைமன்னாருக்குப் புகையிரதம் மீண்டும் வந்தபோது இந்தியப் பிரதமர் மோடி நேரில் வந்து தொடக்கிவைத்தார். இறங்குதுறையின் பெயரையே நிலையம் தாங்கியிருந்தது. துறையிலோ கப்பல் இல்லை. 2023 ஒக்டோபர் 14இல் தமிழகத்துடனான பயணிகள் கப்பல் சேவை புத்துயிர் பெற்றபோதும் அது நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கே வந்தது.

சிதைந்த பழைய துறையருகே வெளிச்சவீடு நிற்கிறது. இவ்வழியே அனுப்பப்பட்டவர்களுக்கு அங்கே ஒரு நினைவுக்கல்லாவது நாட்டலாமே என்று மன்னார் நண்பர்களிடம் பலமுறை கேட்டிருக்கிறேன். கப்பல் வந்த பிறகு பார்ப்போம் என்கிறார்கள்.