எந்த முகம் அளவுகோல்?

மன்னாரில ஒரு பிள்ளையின் மிதப்புப் பல்லுக்குக் கம்பி வேணுமா என்று சொல்லும் பல் வைத்தியர் பெரும்பாலும் பேராதனையில் படித்தவர். 1938இல் கொழும்பில் தொடங்கிய பல் மருத்துவக் கல்வி, 1950களில் பேராதனைக்குப் போனது. ஆனால் மாணவர் கையிலுள்ள அளவுகோல்கள் அமெரிக்காவில் பிறந்தவை. 1899இல் எட்வர்ட் ஆங்கிள் கடைவாய்ப் பற்கள் பொருந்தும் விதத்தை வைத்து வகை பிரித்தார். 1931இல் பிராட்பென்ட் தலை எக்ஸ்ரேயை அளக்க வழிசெய்தார். 1948இல் டவுன்ஸ் 'சரியான' கோணங்களைக் குறித்தார். அவர் அளந்தது வெறும் 20 வெள்ளை அமெரிக்க இளையோரை.

அந்தக் கோணத்தில் வைத்தால் எங்களில் பலரின் உதடும் முன்பல்லும் வெளிய தள்ளினதாத்தான் தெரியும். அது நோயில்லை. கடிக்க முடியுதா, முரசு நோகுதா, பிள்ளை என்ன விரும்புது? கோணத்தோடு இதையும் கேட்கப் படிப்பதுதான் நோயறிதல்.