பெண்கள் பிரிவு

நூலுக்கு இயற்கைச் சாயமேற்றவும் செம்புக் கம்பியில் நகை செய்யவும் சென்ற ஆண்டு இரண்டு வகுப்புகளில் சேர்ந்து கற்றுக்கொண்டேன். இரண்டிலும் ஓர் ஆண்கூட இல்லை. துண்டறிக்கையிலேயே ‘மகளிருக்கான கைத்தொழில்’ என்றுதான் போட்டிருந்தார்கள். சாயம் சொல்லித் தந்த அக்கா கறாரானவர். பருத்தி நூலை முதலில் சோப்புப் போட்டு வேகவைத்துப் பிசுக்கு நீக்க வேண்டும். அடுத்து கடுக்காய்த் தண்ணீர், அதன் பிறகே படிகாரம். கடுக்காயின் துவர்ப்பு ஏறாமல் படிகாரம் பருத்தியைச் சரியாகப் பிடிக்காது. படிகாரம் இல்லாமல் மஞ்சிட்டியின் சிவப்பு நிற்காது. மஞ்சிட்டியைத் தளதளவென்று கொதிக்கவிட்டாலோ சிவப்பு பழுப்படித்துவிடும். அவுரித் தொட்டியிலிருந்து எடுக்கும் சிட்டா பச்சையாக இருக்கும், காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாகும். எடை, சூடு, நேரம் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிவைத்தோம். இவ்வளவு வேதியியலையும் ‘பொழுதுபோக்கு’, ‘கைவேலை’ என்று யார் பெயர் வைத்தார்கள் என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். அந்தப் படிப்பு என்னை ஜெர்மனியின் பௌஹவுஸ் பள்ளியில் கொண்டுபோய் விட்டது.

நாற்காலி, விளக்கு, கட்டடம் என்று நவீன வடிவமைப்பின் தாய்வீடாகக் கொண்டாடப்படும் பள்ளி அது. 1919இல் வைமர் நகரில் வால்ட்டர் குரோப்பியஸ் அதைத் தொடங்கியபோது வயதோ பாலினமோ தடையில்லை என்று அறிவித்தார். புதிய குடியரசின் அரசியலமைப்பும் பெண்களுக்குச் சம உரிமை தந்திருந்தது. பெண்கள் திரண்டு வந்தார்கள். அதுதான் சிக்கலாகிவிட்டது. 1920இலேயே, பெண்கள் எண்ணிக்கை மிகுந்துவிட்டது, சேர்க்கையில் கண்டிப்பாக வடிகட்ட வேண்டும் என்று ஆசிரியர் குழுவிடம் குரோப்பியஸ் சொல்கிறார். ‘பெண்கள் பிரிவு’ என்று ஒன்று உருவானது. நடைமுறையில் அது நெசவுப் பட்டறைதான். கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு, உள்ளே வந்தவர்களையெல்லாம் ஒரே அறைக்குள் அனுப்பும் இந்த வித்தை நமக்குப் புதிதல்ல.

அந்த அறையில் இருந்த தறிகள்கூடப் பள்ளியுடையவை அல்ல. கைவினை ஆசிரியை ஹெலெனே பேர்னரின் சொந்தத் தறிகள். வடிவமைப்பு ஆசிரியராக அமர்த்தப்பட்ட கெயோர்க் மூகே ஓர் ஓவியர். தன் கையால் ஒரு நூல்கூட நெய்வதில்லை என்று தனக்குத்தானே சபதம் எடுத்துக்கொண்டவர். நூலைத் தொட்டால் ஓவியருக்கு இழுக்கு! ஆக, சொல்லித் தர ஆளில்லாத இடத்தில் மாணவிகள் தாங்களே தேடிக் கற்றார்கள். குந்தா ஷ்டோல்ட்ஸல், பெனிதா ஓட்டே என்ற இரு மாணவிகள் 1922இல் ஜவுளி நகரமான கிரேஃபெல்டுக்குப் போய்ச் சாய வகுப்பில் சேர்ந்தார்கள். திரும்பி வந்து, முடங்கிக் கிடந்த சாயப் பட்டறையை நடத்தத் தொடங்கினார்கள். பௌஹவுஸ் வரலாறுகளில் இது பெரும்பாலும் ஒரு வரியில் முடிந்துவிடும். எனக்கு இந்த ஒரு வரியைத் தாண்டிப் போக முடியவில்லை. வகுப்புக்குப் போன இரண்டு பெண்கள், அவர்கள் கொண்டுவந்த குறிப்புகள், அந்தக் குறிப்புகளால் ஒரு பட்டறைக்கே நிறம் வந்தது.

ஷ்டோல்ட்ஸல் 1927இல் நெசவுப் பட்டறையின் தலைவரானார். உடன் வேலை பார்த்த ஆண்களுக்குக் கிடைத்த பேராசிரியர் பட்டமும் ஓய்வூதிய உரிமையும் அவருக்கு இல்லை. பள்ளிக்குக் காசு ஈட்டித் தந்த பட்டறைகளில் ஒன்று அவருடையது. நம் ஊரில் வீட்டுப் பெண்கள் தார் சுற்றி, பாவு ஓட்டிக் கொடுத்த சேலைக்குத் தறிக்காரர் பெயரில் கூலி எழுதுவார்களே, அந்தக் கணக்குதான். யூதரான ஆரியே ஷரோனை மணந்த அவர் நெருக்கடிகளுக்கு உள்ளாகி 1931இல் வெளியேறினார். ஸ்விட்சர்லாந்தில் பிழைத்துக்கொண்டார். அவரிடம் பயின்ற ஓட்டி பெர்கர் யூதர். அவர் பிழைக்கவில்லை. 1944இல் ஆஷ்விட்சில் கொல்லப்பட்டார்.

உலோகப் பட்டறைக்குள் ஒரு பெண் போனால் என்ன நடக்கும்? மரியானே பிராண்ட் 1924இல் போனார். பெண்ணுக்கு இங்கே இடமில்லை என்று எண்ணிய சக மாணவர்கள் சலிப்பூட்டும் வேலைகளையே அவர் தலையில் கட்டியதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அவர் 1924இல் செய்த சிறு தேநீர்க் குடுவை இன்று அருங்காட்சியகப் பொருள். 1928இல் அந்தப் பட்டறையின் பொறுப்பும் அவர் கைக்கு வந்தது. எனக்குத் தெரிந்த எந்தப் பத்தர் பட்டறையிலும் ஊதுகுழல் பிடித்த பெண்ணை நான் பார்த்ததில்லை. கம்பி நகை வகுப்பில் எங்களுக்குத் தரப்பட்டதும் குறடும் மெல்லிய கம்பியும்தான், நெருப்பு இல்லை. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வளைத்தால் செம்பு இறுகி ஒடியும் என்று எச்சரித்தார்கள். இறுகியதைச் சூடேற்றி மீண்டும் இளக்கலாம் என்பதை நானாகப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

நெசவையும் நகையையும் ஒரே வாழ்க்கையில் செய்தவர் அன்னி ஆல்பர்ஸ். 1922இல் பௌஹவுசுக்கு வந்தபோது அவர் விரும்பியது கண்ணாடிப் பட்டறையை. கிடைத்தது தறி. பின்னாளில், 1949இல், நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் நெசவுக் கலைஞர் ஒருவருக்கென்று முதன்முதலாகத் தனிக் காட்சி வைத்தபோது அது அவருடையதாக இருந்தது. ‘பார்த்தீர்களா, ஒதுக்கியதும் நல்லதுக்கே’ என்று இதை முடித்துவைக்கும் கட்டுரைகள் எனக்கு எரிச்சலூட்டுகின்றன. கண்ணாடியில் அவர் என்ன செய்திருப்பார் என்பதைப் பார்க்கும் வாய்ப்பு நமக்குப் போனது போனதுதான்.

நாஜிகளின் நெருக்கடியில் பௌஹவுஸ் 1933இல் மூடப்பட்டது. அதே ஆண்டு அன்னி அமெரிக்காவின் பிளாக் மவுண்டன் கல்லூரிக்குப் போனார். மெக்சிகோவில் மோன்டே அல்பான் கல்லறையிலிருந்து எடுத்த பழம் நகைகளைப் பார்த்தார். பொன்னோடு சங்கும் எலும்பும் சரிசமமாகக் கோத்திருந்தார்கள். 1940 வாக்கில் தன் மாணவர் அலெக்சாண்டர் ரீடுடன் சேர்ந்து இரும்புக் கடைச் சாமான்களில் நகை செய்யத் தொடங்கினார். நாடாவில் கோத்த வாஷர்கள், கொண்டை ஊசிகள். ஒரு கழுத்தணியின் பதக்கம், தொட்டியில் போடும் அலுமினிய வடிகட்டி. அதன் ஓட்டைகளிலிருந்து காகிதக் கவ்விகள் வரிசையாகத் தொங்குகின்றன. பற்றவைத்த இடம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் கோத்ததுதான்.